தாள்கட்டு என் கையில் இருந்தது

இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஜெராக்ஸ் தாள்களின் சூடு ஒரு தனிச் சூடு. அடுப்பின் சூட்டைப் போலக் கையை விரட்டாமல், வெயிலின் சூட்டைப் போலத் தலைக்கு ஏறாமல், மார்கழி விடியலில் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நடந்தால் பத்து நிமிடம் வரை உடனிருந்து, மைதானத்தைக் கடந்து படிப்புக் கூடத்தின் வாசலுக்கு வருவதற்குள் மெல்ல ஆறிவிடும். பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயது வரை, நாமக்கல்லை அடுத்த ஒரு விடுதிப் பள்ளியில் நான் படித்த காலத்தில், எனக்குக் கிடைத்த மிகவும் அந்தரங்கமான இன்பம் அந்தச் சூடுதான் என்று இன்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஐம்பத்தாறு பெண்கள் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே மணியோசைக்கு எழுந்து, ஒரே வரிசையில் நின்று உப்புமா வாங்கிய இடத்தில், ஒருத்திக்கென்று தனியாகக் கிடைத்தவை மிகக் குறைவு.

விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும் படிப்புக்கு "ஸ்டடி" என்று பெயர். அந்த நேரத்தில் பள்ளியைச் சுற்றியிருந்த கோழிப் பண்ணைகளிலிருந்து காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கேற்ப எரு நாற்றமோ தீவன வாசனையோ வந்துகொண்டிருக்கும். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலும் இரண்டு கொட்டகைக் கோழிகள் இருந்ததால் எனக்கு அந்த நாற்றம் வீட்டு நினைவைத் தந்தது. மற்றவர்கள் தாவணியால் மூக்கை மூடிக்கொள்வார்கள். ஸ்டடியில் செவ்வாய், வியாழக்கிழமைகள் ஆங்கிலத்துக்கு உரியவை. ஒரு தாளில் முப்பது வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லின் இடம் காலியாக விடப்பட்டு, கீழே ஏ, பி, சி, டி என்று நான்கு சொற்கள் கொடுக்கப்பட்டிருக்கும். இடத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படுக்கை வரிசைப்படி ஒவ்வொரு வாரமும் ஒருத்திக்கு "மொறை" வரும். அவள்தான் விடியலில் அலுவலக அறைக்குப் போய் அந்தத் தாள்கட்டை வாங்கி வர வேண்டும். ஒருத்தி மட்டுமே போகலாம் என்பது விதி.

தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதினேனே தவிர, நாங்கள் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆண்டுதோறும் அதே இருபது தாள்கள்தாம் சுழன்று வந்தன. அவற்றுக்கான விடைப் பட்டியல் மேல் வகுப்புப் பெண்களின் நோட்டுகள் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அதற்கு "கீ" என்று பெயர். "ஒன்னு பி, ரெண்டு டி, மூனு ஏ, நாலு ஏ" என்று ஒருத்தி முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரு ராகத்தில் திருப்பிச் சொல்வோம். கேள்வியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் எழவில்லை. வார்டன் மேடம் கூடத்தின் கோடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, சத்தம் குறைந்தால் மட்டும் தலையை நிமிர்த்துவார். "வாய் அசையோணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. முன்னால் நின்று சொல்லும் வேலை இரண்டாம் ஆண்டிலிருந்து எனக்கு வந்தது. என் குரல் தெளிவாக இருந்ததாம். "கீ லீடர்" என்று என்னை அழைத்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தேன். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறுகளில் அப்பா, மைதானத்து மரத்தடிகளில் உட்கார்ந்திருக்கும் அறிமுகமே இல்லாத பெற்றோர்களிடம்கூட, "எங்க பாப்பா இங்கிலீசுல லீடருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் முட்டைக் கோழிக்கு "லேயர்", குஞ்சுகளுக்கு "சிக்ஸ்", தீவனத்துக்கு "மாஷ்", தடுப்பூசிக்கு "வேக்சின்" என்று அவர் பேச்சில் வந்த ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இடம் மாறி விழுந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு சொல்லும் அதற்குரிய பொருளோடு, அதற்குரிய கவலையோடு அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. எனக்கோ அறுநூறு வாக்கியங்களுக்கான விடைகள் தெரியும். ஒரு சொல்கூடத் தெரியாது. இதை அன்று நான் உணரவில்லை. உணர்ந்திருந்தவள் என் பக்கத்துப் படுக்கையில் இருந்தாள்.

அவள் பெயர் பூங்கொடி. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் தம்பதியின் மகள். நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்ததால் கட்டணமில்லாமல் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரே நிபந்தனைதான்: "ஏ" பிரிவிலேயே அவள் நீடிக்க வேண்டும். பிரிவு மாறினாலோ, அவள்மீது புகார் ஒன்று பதிவானாலோ அந்தச் சலுகை போய்விடும், சலுகை போனால் படிப்பும் போய்விடும். விடுதியில் அனைவருக்கும் இது தெரியும். அப்படிப்பட்டவள் கீயை மற்றவர்களைவிட வேகமாக உருப்போட்டிருக்க வேண்டும் அல்லவா? அவளோ உதட்டை மட்டும் அசைத்துவிட்டு, கண்களால் வாக்கியத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். முன்னால் நிற்பவளுக்கு இதெல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, ஈரப் பாவாடைகளின் நிழலில் இருவரும் உட்கார்ந்திருப்போம். அகராதி வாங்க வழியில்லாத அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள்: பள்ளி நூலகத்தில் ஒரு சொல்லின் பொருளைப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தச் சொல்லுக்குத் தனக்குத் தெரிந்த ஓர் ஆளையோ பொருளையோ தேடிக் கண்டுபிடிப்பாள். ஆள் கிடைக்கும்வரை அந்தச் சொல்லை விடமாட்டாள்.

"ரிலக்டன்ட்டுன்னா என்ன தெரியுமா புள்ள? எங்க மாமனுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். எல்லாருஞ் சொல்லறாங்கன்னு சட்டையப் போட்டுக்கிட்டாரு. அப்பறம் செருப்பத் தேடறாப்பல ஊட்டையே சுத்திச் சுத்தி வந்தாரு. செருப்புக் கால்லதான் கெடந்துச்சு. அதான் ரிலக்டன்ட்."

"அப்ப ஸ்டபர்ன்?"

"நம்ம ஹாஸ்டல் கொழாய். எத்தன திருகுனாலும் தண்ணி வருதா?"

நான் சிரித்துவிட்டு, இதெல்லாம் பரீட்சைக்கு வராது என்றேன். "உனக்கென்ன புள்ள, நீ வாயத் தொறந்தா பி, டின்னு கொட்டுது," என்று அவளும் சிரித்தாள். அதில் குத்தல் இருந்ததா என்று பல முறை யோசித்திருக்கிறேன். கொஞ்சம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை.

பதினொன்றாவது தாளில் ஏழாவது கேள்வி ஒன்று இருந்தது. ஆயுள் முழுவதும் உழைத்த ஒரு மனிதர் எப்படிப்பட்ட கண்களால் தம் நிலத்தைப் பார்த்தார் என்பது வாக்கியம். டயர்ட், வியரி, ஸ்லீப்பி, லேஸி என்பவை சொற்கள். கீயின்படி விடை பி. டயர்ட் என்றாலும் களைப்புதான், வியரி என்றாலும் களைப்புதான், பிறகு ஏன் பி என்று ஒரு நாள் நானே அவளிடம் கேட்டேன். நான் அவளிடம் கேட்ட ஒரே பாடம் அது. அவள் ஒரு பாவாடையை உதறிப் போட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்துத்தான் பதில் சொன்னாள்.

"டயர்டுன்னா தூங்குனா போயிரும். வியரின்னா தூங்கி எந்திரிச்சாலும் அப்படியே இருக்கும். எங்கப்பாவ நீ பாத்ததில்லல்ல, பாத்தாத் தெரியும்."

ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பு ஆங்கிலத்துக்குப் புதிய ஆசிரியை ஒருவர் வந்தார். வாழப்பாடிப் பக்கத்துக்காரர், பேச்சில் எங்களுடைய "ங்க" இல்லாததால் முதல் நாட்களில் கறாரானவராகத் தோன்றினார், பிறகு அப்படி இல்லை என்று தெரிந்தது. எங்கள் ராகத்தை இரண்டு விடியல்கள் வாசலில் நின்று கேட்டவர், யாரிடமும் எதுவும் சொல்லாமல், அடுத்த வாரத் தேர்வுக்கான தாளைத் தாமே மறுபடி தட்டச்சு செய்து, அதே வாக்கியங்களை வைத்துக்கொண்டு சொற்களின் வரிசையை மட்டும் மாற்றிவிட்டார். பிரிவு பிரிப்பதற்கு மதிப்பெண் எடுத்துக்கொள்ளப்படும் தேர்வு அது.

அந்த வாரம் தாள் வாங்கி வரும் மொறை பூங்கொடியுடையது. மைதானத்தில் சமையலறைக் கழிவுக்கு வரும் நாய்கள் இரண்டு படுத்திருக்கும். அவளுக்கு நாய் என்றால் உயிர் போய்விடும். "நீயும் வா புள்ள" என்று என் போர்வையை இழுத்தாள். விதியை மீறித்தான் போனேன். அலுவலக எழுத்தர் இயந்திரத்திலிருந்து எடுத்து, எண்ணி, தாள்களைக் கவிழ்த்து வைத்து வெளியே நீட்டியபோது, வாங்கிக்கொண்டது நான். குளிருக்காக. அவள் எனக்கு அந்தப் பக்கம், நாய்கள் இல்லாத பக்கம், என் முந்தியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கட்டு முழுவதும் என் நெஞ்சோடு இருந்தது. படிப்புக் கூடத்து வாசலில், அதன் சூடு முழுதாக ஆறுவதற்கு முன்பே, நான்தான் அதை அவள் கையில் கொடுத்து, தனியாக வந்தவள் போல உள்ளே போகச் சொன்னேன். அவள் ஐந்தடி தூரம் நடந்து வார்டன் மேடத்தின் மேசைமேல் வைத்தாள். மேடத்தின் கண்முன் அவள் நடந்த அந்த ஐந்தடி தவிர, தாள்கட்டை அவள் தொட்டதே இல்லை.

தேர்வை நான்கு நிமிடங்களில் முடித்துவிட்டு மேசைமேல் தலை கவிழ்த்துப் படுத்துக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான். பூங்கொடி மட்டும் மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பேனாவின் சத்தம் தூக்கத்துக்கு இடைஞ்சலாக இருந்ததும் நினைவில் இருக்கிறது.

முடிவு இரண்டு நாளில் வந்தது. எனக்கு முப்பதுக்கு மூன்று. பெரும்பாலோருக்கு இரண்டு, மூன்று, நான்கு. பூங்கொடிக்கு இருபத்தெட்டு. என் தாளைக் கொடுக்கும்போது ஆசிரியை, "ஒரு வாக்கியமாவது படிச்சியா?" என்று மட்டும் கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை. அதனால்தான் அது இன்னும் கேட்கிறது.

வார்டன் மேடம் இதை வேறு விதமாகக் கணக்கிட்டார். தாள் வாங்கி வந்தவள் அவள். மதிப்பெண் வாங்கியவளும் அவள். "அம்பத்தஞ்சு பேருக்கு வராதது ஒருத்திக்கு மட்டும் எப்படி வரும்?" என்பது அவர் வாதம். படித்துப் பார்த்து எழுதியிருக்கலாமே என்று புதிய ஆசிரியை சொன்னதற்கு, "நீங்க வந்து ஒரு மாசந்தானுங்க ஆகுது, இந்தப் புள்ளைங்களப் பத்தி எனக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. பிறகு பக்கத்துப் படுக்கைக்காரி என்பதால் என்னை அழைத்தார்கள். அறையில் மேடம் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை சன்னலோரம் நின்றிருந்தார். பூங்கொடி சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

"நீ எந்நேரமும் அவகூடத்தான் இருக்கற. உண்மையச் சொல்லு. அவ பேப்பரப் பாத்தாளா?"

இதற்கு இரண்டு விடைகள் இருந்தன. "இல்லைங்க மேடம், கட்டு என் கையிலதான் இருந்துச்சு" என்பது ஒன்று. அதைச் சொன்னால் நானும் விதியை மீறிப் போனது தெரியும், அதற்கு ஒரு வாரம் பாத்திரம் துலக்க வேண்டியிருக்கும். அது பெரிய தண்டனை அல்ல. பெரியது வேறு. அவள் பார்க்காமலே இருபத்தெட்டு வாங்கினாள் என்றால், இரண்டாண்டுகளாக நான் முன்னால் நின்று சொன்னதெல்லாம் வெறும் சத்தம் என்று ஆகிவிடும். இங்கிலீசில் லீடர் என்று அப்பா மரத்தடி மரத்தடியாகச் சொன்னதும் பொய்யாகிவிடும். பயம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. பின்னாளில் பிரித்துப் பார்த்தபோது பயத்தின் பங்கு சிறியதாகவே இருந்தது.

"தெரியலைங்க மேடம்," என்றேன்.

ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி திரும்பவில்லை. மேடத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அவருக்கு நான் பொய் சொன்னதாகப் படவில்லை; தோழியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் தயங்குவதாகப் பட்டது. "நல்ல புள்ள, சங்கடப்படறா" என்று ஆசிரியையிடம் சொன்னார். புகார் பதிவானது, பிரிவு மாறியது.

அடுத்து வந்த, பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறன்று மைதானத்து வேப்பமரங்களின் அடியில் வழக்கம்போல் ஜமுக்காளங்கள் விரிக்கப்பட்டு, தூக்குப்போசிகள் திறக்கப்பட்டு, ஊரே குடிவந்தது போல இருந்தது. பூங்கொடியின் அப்பா சாப்பாடு கொண்டு வரவில்லை. திருச்செங்கோட்டில் பஸ் மாறி, வெறுங்கையோடு, பெட்டியை எடுத்துப்போக வந்திருந்தார். காதோரத்து மயிரில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஏழாவது கேள்விக்கு விடை ஏன் பி என்பது எனக்கு விளங்கியது. அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் எந்த அகராதியிலும் தேடியதில்லை. அவர் என்னைத் தேடி வந்து நின்று, என் வயதுக்கு எந்த வகையிலும் பொருந்தாத மரியாதையோடு, "நீங்கதானுங்களா பக்கத்துப் பெட்டு? பாப்பா உங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருக்கும். நல்லாப் படிங்க சாமி," என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பூங்கொடி பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை. "இனி உன்ற மொறை வாரப்பத் தனியாத்தான் போகோணும். நாயப் பாத்தா ஓடாத, நில்லு," என்று மட்டும் சொன்னாள். நாய்க்குப் பயந்தவள் அவள்.

அடுத்த செவ்வாயன்று முன்னால் நிற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டேன். தொண்டை கட்டிவிட்டது என்று காரணம் சொன்னேன். அன்றிலிருந்து வாக்கியங்களைப் படிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளைத் தேடும் அவளுடைய பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கம்தான் என்னைக் கல்லூரிக்கும், ஆங்கில இலக்கியத்துக்கும், கடைசியில் சேலத்தில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறைக்கும் கொண்டு வந்து சேர்த்தது. அவளிடமிருந்து எடுத்ததை வைத்துத்தான் வாழ்ந்தேன் என்று சொல்வது அலங்காரம் அல்ல.

முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று என் மாணவர்கள் சொற்பயிற்சியைக் கைப்பேசியில் செய்கிறார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் சொற்கள் தாமாகவே இடம் மாறிக்கொள்கின்றன, யாரும் கீ வைத்திருக்க முடியாது. சரி என்றால் பச்சை, தவறு என்றால் சிவப்பு. அதற்கான கேள்விகளை எழுதும் பொறுப்பு எங்கள் துறையில் என்னுடையது. எத்தனை ஆயிரம் காலி இடங்களை உண்டாக்கியிருப்பேன் என்று தெரியவில்லை. தாள் இல்லை, கட்டு இல்லை, சூடும் இல்லை. சென்ற ஆண்டு மல்லசமுத்திரம் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்: விடுதி இருந்த இடத்தில் லாரிகள் நிறுத்துகிறார்கள், வேப்பமரங்களில் ஒன்று மட்டும் டயர் குவியலுக்கு நிழல் தந்துகொண்டிருக்கிறது. வார்டன் மேடம் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயிற்று என்று பழைய விடுதிப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிந்தேன். பூங்கொடியின் எண்ணும் அந்தக் குழுவில் ஒருத்தி தந்ததுதான். இரண்டு மாதம் அதை வைத்துக்கொண்டிருந்து, போன வாரம், விடைத்தாள் திருத்தி முடித்த ஒரு மதியத்தில் அழைத்தேன்.

பின்னணியில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெயரைச் சொன்னேன்.

"கீ லீடரா?" என்றாள். சிரிப்பு அப்படியே இருந்தது. வீட்டோடு எட்டுத் தறி போட்டிருப்பதையும், துண்டு வாங்கும் வெளிமாநிலக் கடைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது தானே என்பதையும், மகன் அதில் பிழை தேடித் தோற்றுப் போவதையும் சொன்னாள். சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, முப்பது ஆண்டுகளாக மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"பூங்கொடி, நீ பேப்பரப் பாக்கல. கட்டு என் கையிலதான் இருந்துச்சு."

"அது எனக்குத் தெரியாதா புள்ள? உன்ற பக்கத்துல நடந்து வந்தவளே நாந்தான." அவள் குரலில் கசப்பு இல்லை, ஆனால் மன்னித்துவிட்டேன் என்ற மென்மையும் இல்லை, நூல் அறுந்த இடத்தைக் காட்டுகிறவள் போலச் சொன்னாள். "அத அங்க சொல்லியிருக்கோணும்."

அங்கே என்ற இடம் இனி இல்லை. யாரோ ஒரு தறியை நிறுத்திய சத்தம் கேட்டது.

"கொரல் ஏன் இப்படிக் கெடக்குது? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அவள்தான் கேட்டாள்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல. விடைத்தாள் நெறையா இருந்துச்சு. டயர்ட்."

மாடியில் பாவாடையை உதறிப் போட்டுவிட்டு யோசித்த அதே நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

"அது இல்ல புள்ள," என்றாள்.